டென்ட்டுக்குள் 39 டிகிரி: மாற்ற வேண்டியது லைட்டையா, நேரத்தையா?

கேள்வி: திருநெல்வேலி பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் 4 அடிக்கு 2 அடி, 5 அடி உயரத்தில் ஒரு குரோ டென்ட் (உள்ளே லைட் போட்டுச் செடி வளர்க்கிற துணிக் கூடாரம்) வைத்து லெட்யூஸும் பேசிலும் போட்டிருக்கிறேன். ‘1000 வாட்’ எல்இடி லைட் உச்சியில் தொங்குகிறது, காலை 6 மணி முதல் இரவு 8 வரை எரிகிறது. உள்ளே ஒரு சின்ன டேபிள் ஃபேன் ஓடுகிறது. மதியம் 39 டிகிரி காட்டுகிறது. நாற்றெல்லாம் நெட்டையாக வளர்ந்து சாய்கிறது, லெட்யூஸின் நடுவில் வரும் இளம் இலைகள் ஓரம் கருகுகின்றன. இன்னும் பெரிய லைட் வாங்கவா, இல்லை ஏசியே மாட்டிவிடவா?

பதில்: அண்ணாச்சி, இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் டைமரை எடுத்து ராத்திரி 9 மணிக்கு எரிந்து காலை 11 மணிக்கு அணைகிற மாதிரி வையுங்கள்.

உங்கள் சிக்கலில் பாதி அந்த நேரத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து ஃபேன் வாங்கினாலும் டென்ட் அறையை விடக் குளிராகாது, ஏனென்றால் உள்ளே வருவதே அறைக் காற்றுதான். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை என்றால் சித்திரை வெயிலில் மதியம் 36, 37 சாதாரணம், அதற்கு மேல் லைட்டின் சூடும் சேர்ந்தால் 39 வராமல் என்ன செய்யும்? செடிக்குப் பகல் எது, இரவு எது என்பதெல்லாம் நீங்கள் போடுகிற லைட்தான். நம் பகல் சூட்டில் அது தூங்கட்டும். முடிந்தால் டென்ட்டையே கீழே இறக்கிவிடுங்கள். மாடி காங்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து பதினொன்று வரை உள்ளே விட்டுக்கொண்டேதான் இருக்கும். பழைய வீடாக இருந்து அரங்கு வீடு மாதிரி உள்ளறை ஒன்று இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது, வெளிச்சம் வராத அறை என்பது இங்கே குறையே இல்லை.

அடுத்தது அந்த ‘1000 வாட்’. பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், இப்படி விற்கிற லைட் பலதும் உண்மையில் 100 வாட் சுற்றித்தான் இழுக்கும். சோதிக்க வழி இருக்கிறது: வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு லைட்டை மட்டும் போட்டு, ஈபி மீட்டரில் மின்னுகிற சிவப்புப் புள்ளியை எண்ணுங்கள். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 என்று அச்சிட்டிருந்தால், 100 வாட்டுக்கு அது நிமிடத்துக்கு ஐந்து தடவை, சில நிமிடம் ஆறு தடவை மின்னும். ஐம்பது தடவை மின்னினால்தான் 1000 வாட்.

100 வாட்தான் என்றால் வருத்தப்பட வேண்டாம், அந்த இடத்தில் கீரை வகைக்கு அது போதும். நாற்று நெட்டையாவது லைட் சின்னதாக இருப்பதால் இல்லை, உயரத்தில் தொங்குவதால். இலைக்கு மேல் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி உயரத்துக்கு இறக்குங்கள். போனில் வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு இலை மட்டத்தில் பாருங்கள், வெள்ளை எல்இடிக்கு 15,000 லக்ஸ் சுற்றி இருந்தால் 14 மணி நேரத்தில் லெட்யூஸுக்கு வேண்டிய வெளிச்சம் கிடைத்துவிடும் (ஆப் காட்டுவது தோராயம்தான், மூலைக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தையாவது காட்டும்). மேல் இலை வெளிறினாலோ விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டாலோ கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். லைட்டோடு இருக்கிற டிரைவர் பெட்டி (கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றுவது) கழற்றுகிற மாதிரி இருந்தால் அதை டென்ட்டுக்கு வெளியே மாட்டுங்கள், சூட்டில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

இப்போது காற்று. டேபிள் ஃபேன் உள்ளே இருக்கிற சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது, ஒரு சொட்டுக்கூட வெளியே தள்ளவில்லை. வெளியேற்ற ஒரு டக்ட் ஃபேன் (குழாயோடு மாட்டிக் காற்றை வெளியே தள்ளுவது) வேண்டும், டென்ட்டின் உச்சியில், லைட்டுக்கும் மேலே. எவ்வளவு பெரியது? டென்ட்டின் கொள்ளளவை நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்பார்கள். உங்களுடையது 40 கன அடி, அப்படியானால் 40 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 40 கன அடி காற்று). குளிர் நாட்டுக்கு அது சரி. நமக்குச் சூட்டை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்: வாட்டை 1.76-ஆல் பெருக்கி, அறையை விட எத்தனை டிகிரி கூடுதலைத் தாங்கலாம் என்பதால் வகுங்கள். 100 வாட், 2 டிகிரி என்றால் 88 சிஎஃப்எம். பெட்டியில் போட்டிருக்கிற அளவு குழாய் எதுவும் மாட்டாதபோது உள்ளது, வளைவும் நீளமும் சேர்ந்தால் நிறையக் குறையும், அதனால் 150-லிருந்து 200 வரை உள்ளதாக, வேகம் குறைக்கிற வசதியோடு வாங்குங்கள். பெரிய ஃபேன் மெதுவாக ஓடினால் ராத்திரி சத்தமும் இருக்காது. குழாயைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து, குட்டையாக, ஒரே வளைவோடு கொண்டுபோங்கள். கார்பன் ஃபில்டர் தேவையே இல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் அதை மாட்டுவது அங்கே அவர்கள் வளர்க்கிற செடியின் வாடைக்காக, நமக்கு லெட்யூஸ்தானே.

குழாயின் வாய் அறைக்குள்ளேயே இருந்தால் எல்லாம் வீண், தள்ளிய சூடே திரும்பி வரும். ஜன்னலில் ஒரு பிளைவுட் துண்டை வெட்டி ஓட்டை போட்டு வெளியே விடுங்கள், ஆனால் மேற்கு ஜன்னலில் வேண்டாம். வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற மேல்காற்று நேராக அந்த வாயில்தான் அடிக்கும், ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது இந்தக் குட்டி ஃபேன் எம்மாத்திரம்? கிழக்குப் பக்கம் விடுங்கள், மழைத்தண்ணீர் ஏறாதபடி வாயைக் கீழே மடக்கி.

உள்ளே வருகிற வழி கீழே இருக்க வேண்டும், வெளியேறும் வாயைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக. வெள்ளை ஈ வராமல் வலை கட்டினால் இன்னும் கூடுதலாகத் திறந்துவிடுங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அந்த ஓட்டை பக்கத்தில் பிடித்தால் புகை தயங்காமல் உள்ளே போக வேண்டும். டென்ட்டின் துணி லேசாக உள்ளே குழிந்திருந்தால் சரி, ஒட்டிப்போகிற அளவுக்கு இழுத்தால் வழி போதவில்லை.

அந்த டேபிள் ஃபேனைத் தூக்கிப் போடாதீர்கள், இலை லேசாக ஆடுகிற அளவுக்குக் குறைத்து வையுங்கள். நடு இலை கருகுவது பூச்சியும் இல்லை, வியாதியும் இல்லை. குருத்தில் காற்று தேங்கினால் அங்கே நீராவிப்போக்கு குறையும், தண்ணீரோடு ஏற வேண்டிய கால்சியம் போய்ச் சேராது. வெளி இலை மட்டும் கருகினால் அது வேறு கதை, உரம் கூடியிருக்கும்.

இவ்வளவு செய்தும் சித்திரை, வைகாசியில் லெட்யூஸ் கசக்கத்தான் செய்யும், தண்டு விட்டுப் பூக்கவும் பார்க்கும். 30 டிகிரிக்கு மேல் விதையே ஒழுங்காக முளைக்காது, ஈரத்துணியில் வைத்து ஃப்ரிட்ஜில் ஓரிரு நாள் போட்டு எடுத்து விதைத்தால்தான் உண்டு. அந்த இரண்டு மாதமும் பேசில், தண்டுக்கீரை போடுங்கள், லெட்யூஸைக் கார்த்திகைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் ஈரப்பதம் ஏறி இலையில் பூஞ்சை வரும், அப்போது லைட் அணைந்த பிறகும் வெளியேற்றும் ஃபேன் ஓட வேண்டும். ஏர் கூலரை உள்வழிக்குப் பக்கத்தில் வைப்பது மேல்காற்று காய்ந்து வீசும் நாட்களில் நன்றாக வேலை செய்யும், மழைக்காலத்தில் அதைக் கிட்டேயே விடாதீர்கள்.

ஏசி? படுக்கை அறையில் ராத்திரி ஏற்கெனவே ஓடுகிறது என்றால் டென்ட்டை அங்கே வைக்கலாம், அப்போது மட்டும் காற்றை வெளியே விடாமல் அறைக்குள்ளேயே சுற்றவிடுங்கள். செடிக்கென்று தனி ஏசி என்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கரண்ட் கணக்கு: 14 மணி நேரம் எரிகிற 100 வாட் லைட்டும் நாள் முழுக்க ஓடுகிற 30 வாட் ஃபேனும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 125 யூனிட் சுற்றி வரும். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் கரண்ட் நிறுத்துகிற நாளில் டென்ட்டின் ஜிப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேனை மட்டும் அதில் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள், வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற ஸ்விட்ச்) இல்லையென்றால் தண்ணீர் ஊற்றுகிற இந்த வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போட்டுவிடுங்கள்.