இரண்டாவது திறன் எதைக் கற்பது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் வேலையிடப் பயிற்சித் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு துறையோடு நிற்பதா, இன்னொன்றும் கற்பதா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: வயது 44, தெம்பனிஸில் இருக்கிறேன், கணக்கு வேலை. எல்லாரும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைப் படி என்கிறார்கள். படிக்கவா அண்ணா?

எடுத்தவுடன் பைத்தான் வேண்டாம். மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் உங்கள் வேலை எங்கே தடைபடுகிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் விற்பனைப் பிரிவு அனுப்பும் கோப்பில்தான். ஒரே வாடிக்கையாளரின் பெயர் மூன்று விதமாக இருக்கும், தேதிகள் தாறுமாறாக இருக்கும், நீங்கள் வரிவரியாகத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். இதற்கு எக்செலில் உள்ள பவர் குவெரியே போதும். ஒருமுறை படிகளை அமைத்துவிட்டால், அடுத்த மாதக் கோப்பிலும் அதே திருத்தங்கள் தானாக நடக்கும். அது கைவந்த பிறகு பைத்தான் தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: உங்கள் வேலை எங்கே போய் இன்னொருவருக்காகக் காத்து நிற்கிறதோ, அந்த இடத்து வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள அனுபவமும் அங்கே சேர்ந்து பேசும்.

நீங்கள் குடிமகள் என்றால், 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு பயிற்சிக் கட்டணத்துக்காக அரசு 2024 மே மாதம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை உங்களுக்கும் உண்டு. அது காலாவதி ஆகாது, அதனால் அவசரப்பட்டு எதிலும் சேர வேண்டாம். எல்லா வகுப்புக்கும் அந்தத் தொகை செல்லாது. பதிவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டுமான நிறுவனத்தில் வெல்டராக இருக்கிறேன், ஊர் சிவகங்கை. ஞாயிற்றுக்கிழமை பைப் பிட்டிங் (குழாய் பொருத்தும் வேலை) வகுப்புக்குப் போகலாமா?

தாராளமாகப் போங்கள் தம்பி. இரண்டு குழாய்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் விளிம்பின் சாய்வும் சரியில்லை என்றால், எவ்வளவு நல்ல கை ஆனாலும் அடிவரை பற்ற வைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா? அதைச் சரியாக வைப்பது பிட்டர். அந்த வேலையும் வரைபடம் பார்க்கவும் தெரிந்தால், தளத்தில் உங்களைத் தேடுவார்கள்.

இன்னொன்று. கட்டுமானத்தில் அடிப்படைத் திறனாளருக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி லெவி, அதாவது அரசுக்குச் செலுத்தும் வெளிநாட்டு ஊழியர் தீர்வை, கட்டுகிறார். உயர்திறன் தகுதி பெற்றவருக்கு 500 வெள்ளிதான். ஒன்றுக்கு மேற்பட்ட தொழிலில் தேர்வு பெறுவதும் அந்தத் தகுதிக்கு ஒரு வழி. முதலில் கம்பெனியிடம் கேளுங்கள், தேர்வுச் செலவை அவர்களே ஏற்கவும் கூடும். ஆனால் கற்ற தொழிலை வைத்து வெளியே பகுதிநேர வேலைக்கு மட்டும் போய்விடாதீர்கள். வேலை பெர்மிட்டில் உள்ள முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். இரண்டு துறையில் கால் வைத்தால், 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்கிறார் அப்பா.

அப்பாவின் கவலை நியாயமானது. ஒரு மரத்தையாவது முழுதாக வெட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதன் பிறகு மறுபடியும் மாணவராகி உயிரியல் படித்தார். 2009இல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல் பரிசு, உயிரணுவில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக. ஒன்றில் ஆழமாக உழைத்தவர் என்பதால்தான் இன்னொன்றைப் புதிதாகத் தொடங்க அவருக்குத் துணிவு இருந்தது என்று நான் நினைக்கிறேன். முதலில் டிப்ளோமாவை நன்றாக முடியுங்கள்.

கேள்வி: தாதியாக இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்தால் உடம்பில் தெம்பே இல்லை.

அப்படியென்றால் இப்போது சேராதீர்கள். தூக்கத்தை விற்றுப் படிக்க வேண்டாம். நேரம் கிடைக்கும்போது, உங்கள் வார்டிலேயே காயப் பராமரிப்பு போல ஒன்றை அதில் தேர்ந்தவரோடு கூட இருந்து கற்கலாம்.

கேள்வி: கற்றதை நேர்முகத்தில் எப்படிக் காட்டுவது?

சான்றிதழை மட்டும் நீட்டாதீர்கள். இரண்டு திறனும் சேர்ந்த ஒரே ஒரு வேலையைக் கொண்டுபோங்கள். முன்பு அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது, இப்போது எவ்வளவு, இன்று அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லுங்கள். பழைய கம்பெனியின் பெயர்களும் எண்களும் அதில் இருந்தால், மாற்றிவிட்டு எடுத்துப் போங்கள்.