கீ சுவிட்ச் ஒயர் சுடுகிறதா? பழைய வண்டிக்காரர்களுக்குச் சில பதில்கள்

செங்கோட்டை: அண்ணாச்சி, அப்பா காலத்து அம்பாசடர். மழையில் ஆரியங்காவு ஏற்றத்தில் லைட், வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு போனால் டேஷ்போர்டில் ரப்பர் கருகும் நாற்றம், சாவியைத் தொட்டால் சுடுகிறது. ஒயரிங் மொத்தமும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக்.

அவசரப்படாதீங்க தம்பி. ஒயர் நெடுக வெதுவெதுப்பா, இல்லை டெர்மினல் பக்கம் நாலு விரற்கடை மட்டும் சுடுதா என்று முதலில் பாருங்க. நெடுகச் சுட்டால் லோடு அதிகம். முனை மட்டும் என்றால் அங்கே பிடிப்பு லூஸ். தோலைச் சீவினால் செம்பு கறுத்திருக்கும். அப்புறம் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பை இக்னிஷன் காயிலுக்கு (பிளக்கில் பொறி வரவைக்கிற சுருள்) கரண்ட் வரும் டெர்மினலிலும் வைத்து, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்க. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) மூடியிருக்கணும், திறந்திருந்தால் கரண்டே ஓடாது, அளவு பொய் சொல்லும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கறுப்பு முனையை சுவிட்ச் வரை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் கொண்டுவாங்க, எதைத் தாண்டியதும் சட்டென்று குறைகிறதோ அதுதான் திருடன். 10 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் 1 வோல்ட் விழுந்தால் 10 வாட் சூடு அந்த ஒரே புள்ளியில்.

ஃபாக் லைட்டை சாவி டெர்மினலில் முறுக்கி வைத்திருக்காங்களா? 55 வாட் இரண்டு என்றாலே 9 ஆம்பியர். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்து ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்க.

கொழிஞ்சாம்பாறை: சார், பத்மினி கார். வண்டியை நிறுத்தி சாவியைப் போட்டபடி பாட்டு கேட்டால் காயில் கொதிக்கிறது.

கொதிக்கத்தானே செய்யும்! பாயிண்ட் மூடியிருந்தால் 3 ஓம் காயில் வழியே 4 ஆம்பியர் நிற்காமல் ஓடும். 1.5 ஓம் காயிலை பேலஸ்ட் (கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாமல் மாட்டியிருந்தால் 8 ஆம்பியர், பாயிண்டும் கருகும். ஓம் அளந்து பாருங்க. பேலஸ்ட் சுடுவது கோளாறு இல்லை, பக்கத்தில் ஒயர் உரசாமல் இருந்தால் போதும்.

களியக்காவிளை: அண்ணே, ஃபியூஸ் அடிக்கடி போகிறது, பெரிசா போடலாமா?

கூடாது. ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். அதுவும் லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனி) முறை ஒயரிங் உள்ள பல வண்டிகளில் காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயருக்கு ஃபியூஸே கிடையாது. ஆகவே புகை வந்தால் சாவியை மூடிவிட்டு உடனே பேட்டரி கிளாம்பைக் கழற்றுங்க, அதற்கான ஸ்பேனர் டிக்கியில் வேண்டாம், சீட்டுக்கடியில் இருக்கட்டும்.