எண்ணெயும் தண்ணீரும்: கேட்டவையும் என் பதில்களும்

கல்லூரியில் உயிர்வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். கொழுப்பு, தண்ணீர் இரண்டையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பரீட்சைக் கேள்விகளைவிட அடுப்படிக் கேள்விகள்தான் அதிகம் வந்திருக்கின்றன. எனக்கும் அவைதான் பிடிக்கும்.

பிளஸ் டூ மாணவி: மேடம், எண்ணெய் தண்ணீரை வெறுக்கிறது, அதனால் கலப்பதில்லை என்று எழுதினால் மார்க் கிடைக்குமா?

மார்க் கிடைத்துவிடும்மா. ஆனால் விஷயம் அப்படி இல்லை. எண்ணெய்க்குத் தண்ணீர் மேல் எந்தப் பகையும் கிடையாது; தண்ணீர்தான் இடம் கொடுப்பதில்லை. நீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லாமல் 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருக்கிறது. ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமை. அதனால் ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தில் நான்கு பேரோடு வரை ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்துக்கொள்ளும். இந்தக் கூட்டத்துக்குள் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலத்தின் நீண்ட கார்பன் வால் நுழைந்தால், அதனிடம் கோக்கக் கை இல்லை. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தம் பிடியை விடாமல் இருக்க, அதைச் சுற்றி வரிசை கட்டி நிற்க வேண்டியதாகிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்துவிட்டால் அப்படி மாட்டிக்கொள்ளும் நீர் குறைகிறது. எண்ணெய் திரளும் காரணம் அதுதான். இப்படிப்பட்ட பொருள்களுக்குப் பாடப்புத்தகம் தரும் ‘நீர் வெறுப்பி’ என்ற பெயரில் எனக்குக் கடைசிவரை உடன்பாடு வரவில்லை.

அதே மாணவி: செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு இரண்டு அடுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இதற்காகவே உனக்குத் தனி மார்க் போடலாம். 1925-இல் நெதர்லாந்தின் லைடனில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை அசிட்டோனால் பிரித்தெடுத்து, தண்ணீர்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, உள்சவ்வுகளும் இல்லை. கிடைக்கும் கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வினுடையது. பரப்பிய கொழுப்பு, செல்களின் மொத்தப் பரப்பைப்போல இரண்டு மடங்கு இடத்தைப் பிடித்தது. அப்படியானால் சவ்வு இரண்டு அடுக்கு!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் எடுக்கவில்லை. செல்லின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை சரியாக வந்துவிட்டது. செய்முறைத் தேர்வில் நீ இதை முயற்சி செய்யாதே.

சவ்வின் கொழுப்பில் பெரும்பகுதி பாஸ்போலிப்பிட் என்ற வகை. அதன் தலை தண்ணீரோடு சேரும், இரண்டு வால்களும் சேராது. தலைகள் இருபுறமும் தண்ணீரைப் பார்க்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். கொத்தனார் யாரும் வேண்டாம். தண்ணீரில் போட்டால் தானாகவே இப்படி அடுக்கிக்கொள்ளும்.

மரச்செக்கு வைத்திருப்பவர்: மார்கழியில் என் தேங்காய் எண்ணெய் உறைகிறது. நல்லெண்ணெய் உறைவதில்லை. வாடிக்கையாளர் கலப்படம் என்கிறார்.

ஐயா, உறைந்தால்தான் அது தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை, அதாவது வாலில் இரட்டைப் பிணைப்பு இல்லாதவை, விறகுக்கட்டைபோல நேரானவை, நெருக்கி அடுக்கலாம். நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதவை; இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வால் வளைந்துவிடும். முள்விறகை நெருக்கி அடுக்க முடியுமா? ஒரே 18 கார்பன்தான், ஆனால் நேரான ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும், ஒரு வளைவு உள்ள ஒலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடும்.

ஆனால் உறைவதை மட்டும் வைத்துச் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. பனங்கொட்டை எண்ணெயும் ஏறக்குறைய இதேபோல உறையும்.

குளிர்ந்த கடல் மீன்களும் இந்த வித்தையைத்தான் செய்கின்றன. சவ்வில் வளைந்த வால்களைக் கூட்டிக்கொள்வதால் அது இறுகிப்போவதில்லை.

ஒரு இல்லத்தரசி: மோர் கடையும்போது வெண்ணெய் திரள ஐஸ் தண்ணீர் விடச் சொல்வார் என் மாமியார். காரணம் உண்டா?

உங்கள் மாமியார் சொன்னது சரி. பாலில் கொழுப்பு நுண்துளிகளாக, ஒவ்வொன்றும் ஒரு பாஸ்போலிப்பிட் சட்டை போட்டுக்கொண்டு மிதக்கிறது. கடைந்தால் சட்டை கிழிகிறது, உள்ளே இருக்கும் கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. சூடாக இருந்தால் எண்ணெயாக இளகி மோரிலேயே நின்றுவிடும். குளிர்ந்தால் கெட்டியாகித் திரண்டு மேலே வரும்.

டயட்டில் இருக்கும் ஒருவர்: அரிசியை நிறுத்தி ஒரு வாரத்தில் 2 கிலோ குறைந்தது. கொழுப்பு கரைகிறதா?

கொஞ்சம் கரைந்திருக்கும். பெரும்பகுதி தண்ணீர், தம்பி. உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துக் கட்டி வைக்கிறது. அது செலவானால் தண்ணீரும் வெளியேறும். கொழுப்பு அப்படி ஈரத்தைச் சுமப்பதில்லை, கிராமுக்கு 9 கலோரியும் தரும்; மாவுச்சத்து தருவது 4தான். நெடுந்தூரம் பறக்கும் பறவைகள் கொழுப்பை ஏற்றிக்கொண்டு கிளம்புவது இதனால்தான்.

பள்ளி மாணவன்: ஒட்டகத் திமிலில் தண்ணீர் இருக்கிறதா?

இல்லை, கொழுப்பு. 1 கிராம் கொழுப்பு எரிந்தால் 1 கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர் வருவது உண்மை. ஆனால் எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மூச்சு விட வேண்டும், மூச்சில் ஈரம் போகும். கூட்டிக் கழித்தால் லாபம் இல்லை. திமில் சாப்பாட்டு மூட்டை, தண்ணீர்க் குடம் அல்ல.

பெயர் சொல்லாதவர்: ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்ட கடலை எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருக்காது. அது பொதுவாக விலங்குச் செல்லின் சரக்கு. நம் சவ்வுகளுக்கும் அது வேண்டும், தோல் வெயிலில் வைட்டமின் டி செய்வதும் அதன் முன்னோடிப் பொருளிலிருந்துதான். இரத்தத்தில் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரிடம் போங்கள்.