செல்ஃப் டிரைவ் சஃபாரியில் சிங்கம் ஏன் காரைக் கண்டுகொள்வதில்லை?

வழிகாட்டியோ திறந்த ஜீப்போ இல்லாமல், குடும்பத்தோடு சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ நாமே ஓட்டிக்கொண்டு போய் விலங்குகளைப் பார்ப்பதுதான் செல்ஃப் டிரைவ் சஃபாரி. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா இதற்குப் பேர்போன இடம், தார்ச்சாலையில் வேக வரம்பு 50 கிலோமீட்டர்தான், ஆனால் விலங்கு கண்ணில் பட வேண்டுமென்றால் அதில் பாதி வேகமே அதிகம்.

சரி, சிங்கம் ஏன் சும்மா இருக்கிறது? அங்குள்ள விலங்குகள் குட்டியிலிருந்தே கார்களைப் பார்த்து வளர்கின்றன. அவற்றுக்குக் கார் என்பது இரையும் இல்லை, எதிரியும் இல்லை, நகரும் ஒரு பெரிய உருவம், அவ்வளவுதான். நம் தெருநாய் காரின் நிழலிலேயே தூங்கும், கதவைத் திறந்து ஆள் இறங்கினால்தான் சட்டென்று தலையைத் தூக்கும் இல்லையா, அதே கதைதான். அதனால்தான் அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது, பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவும் கூடாது.

காருக்குள் இருந்தால் எதுவும் ஆகாது என்று பலர் நினைப்பது தவறு: மதம் பிடித்த ஆண் யானை, கன்னம் வழியே மதநீர் ஒழுக நேரே நடந்து வந்தால் காரையே புரட்டிவிடும், மெதுவாகப் பின்னால் எடுத்து வழிவிடுங்கள்.