வேர் சிகிச்சையில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண சிமெண்ட் போட்டால் ஒரு கட்டணம், ‘பயோசெராமிக்’ போட்டால் அதைவிடக் கூடுதல். அதைப் போட்டுவிட்டு, பல்லின் மேல் மாட்டும் கேப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில்: தலைகீழாகச் செய்யுங்கள். கையில் இருக்கும் பணம் முதலில் கேப்புக்குப் போகட்டும்.

வேர்க் குழாயில் பெரும்பகுதியை அடைப்பது கட்டப்பர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளாலான குச்சி. நீங்கள் சொல்லும் சிமெண்ட், குச்சிக்கும் வேரின் சுவருக்கும் இடையில் இருக்கும் இண்டு இடுக்கை மூடும் மெல்லிய பூச்சுதான், அதைத்தான் சீலர் என்பார்கள். நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் எபாக்சி ரெசின் சீலரும் பயோசெராமிக் சீலரும் வழக்கமான பல்லில் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன. வேரில் ஓட்டை விழுந்திருந்தாலோ, சிறுவர்களின் பல்லில் வேர்நுனி இன்னும் மூடாமல் இருந்தாலோ கதை வேறு. அங்கே எம்டிஏ என்ற பல் சிமெண்டுக்கும் பயோசெராமிக் வகைகளுக்கும் நிஜமான வேலை இருக்கிறது, தாராளமாகக் கொடுக்கலாம்.

பல் பிழைப்பதும் பிழைக்காததும் குழாயைக் கழுவும் விதத்தில் இருக்கிறது. பல்லைச் சுற்றி ரப்பர் டாம் என்ற ரப்பர் விரிப்பைக் கட்டிவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் அலச வேண்டும். அது கிருமியைக் கொல்வதோடு உள்ளே செத்துக் கிடக்கும் சதையையும் கரைக்கும். வெறும் உப்புநீரால் அது முடியாது. விரிப்பு இல்லாவிட்டால் எச்சில் உள்ளே இறங்கும். அந்தத் திரவத்தையும் தைரியமாகப் பயன்படுத்த முடியாது. ஆகவே “ரப்பர் டாம் போடுவீர்களா டாக்டர்?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை.

முடிந்ததும் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். வேருக்குள் தெரியும் வெள்ளைக் கோடு நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். நுனியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. நடுவில் கறுப்பு இடைவெளி இருக்கக் கூடாது. மேல் முதல் கடைவாய்ப்பல்லாக இருந்தால் நான்காவது குழாயைத் தேடினார்களா என்று கேளுங்கள். பெரும்பாலான பற்களில் அது உண்டு, அடிக்கடி விட்டுப்போவதும் அதுதான்.

இனி கேப். அமெரிக்காவின் அயோவாவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் விழுந்தன. காரணம் எளிது: குடைந்து மெலிந்த சுவர் கடிக்கும்போது பிளக்கிறது. பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. தற்காலிக அடைப்பும் சில வாரங்களுக்குத்தான், அதுவே 3.5 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். அது தேய்ந்து கசிந்தால், எந்த சீலர் போட்டிருந்தாலும் கிருமி மேலிருந்து இறங்கும். மாதக்கணக்கில் திறந்து கிடந்த குழாயை மறுபடி முதலிலிருந்து செய்ய நேரும். முன்பல், அதிகம் சேதமில்லை என்றால் கேப் இல்லாமலே நல்ல நிரந்தர அடைப்பு போதும்.

ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் மிஞ்சியிருக்கிறதா என்பதை ரூட் கெனால் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் கேப் கழன்று கழன்று வரும், இரண்டு செலவும் வீண். கேப்போடு தரும் ‘பத்து வருட வாரண்டி’ அட்டை பெரும்பாலும் உடைந்த கேப்புக்குத்தான், அடியில் இருக்கும் பல்லுக்கு இல்லை.

கேள்வி: பல் நிறத்தில் அடைத்தது சில மாதங்களிலேயே விழுந்துவிட்டது. மட்டமான பொருளா?

பதில்: பெரும்பாலும் ஈரம். காம்போசிட் என்ற அந்தப் பல் நிற ரெசின் பல்லில் ஒட்ட வேண்டிய நேரத்தில் எச்சிலோ ஈறு ரத்தமோ பட்டால் பிடிப்பே இருக்காது, எந்த கம்பெனி பொருளும் அதைக் காப்பாற்றாது. சாதாரண காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல விளக்கால் இறுக்க வேண்டும். ஆழமான குழியை ஒரே மூச்சில் நிரப்பினால் அடிப்பகுதி வேகாமல் நிற்கும். முன்பு கிராம்பெண்ணெய் கலந்த தற்காலிக மருந்து வைத்திருந்தால் அதன் மிச்சமும் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். அடைப்பு விழுந்தது ஈறோரத்தில், உலர வைக்கவே முடியாத இடத்தில் என்றால் கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகை அடைப்பைக் கேளுங்கள். அது கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்து நேரடியாகப் பல்லோடு ஒட்டும். ஆனால் கடைவாய்ப்பல்லின் பெரிய கடிபரப்பில் உடையும், தேயும்.

கேள்வி: பழைய வெள்ளி அடைப்புகளில் பாதரசம் இருக்கிறதாமே, எல்லாவற்றையும் எடுத்துவிடவா?

பதில்: கசிவோ விரிசலோ இல்லாவிட்டால் வேண்டாம். எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம் என்பது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் இந்த அடைப்பைப் போடுவதை நிறுத்தியதும் உண்மை. ஆனால் ஏற்கெனவே இருப்பதை எடுக்கச் சொல்லவில்லை. குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ரப்பர் டாம், தண்ணீர், வேகமான உறிஞ்சி மூன்றும் வேண்டும். கர்ப்ப காலத்தில் தள்ளிப்போடுங்கள்.