விடைக்குறிப்பில் இல்லாத வழி

பள்ளிப் படிப்பு குழந்தைகளின் படைப்பாற்றலையும் தனித்தன்மையையும் மழுங்கடிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், நானே செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்றாம் வகுப்புத் தேர்வு ஒன்றில் 63இலிருந்து 28ஐக் கழிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் 35 என்று சரியாகவே எழுதியிருந்தான். ஆனால் கடன் வாங்கியதற்கான அடையாளம் எதுவும் தாளில் இல்லை. அதற்குப் பதிலாக, 60இல் 20 போனால் 40, 3இல் 8 எடுக்க 5 குறைகிறது, 40இல் அந்த 5 போனால் 35 என்று மூன்று வரிகளைக் கிறுக்கியிருந்தான். விடைக்குறிப்பின்படி விடைக்கு ஒரு மதிப்பெண், செய்முறைக்கு ஒரு மதிப்பெண். அந்த மூன்று வரிகளையும் சிவப்பு மையால் சுழித்துவிட்டு ஒன்றைக் குறைத்தேன். எதிர்மறை எண் என்ற ஒன்று இருப்பதையே யாரும் சொல்லித்தராத வயதில், 'குறைகிறது' என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவன் அதைக் கையாண்டிருக்கிறான் என்பது எனக்கு உறைக்கவே சில வாரங்கள் ஆயின. அதற்குள் அவனும் மற்றவர்களைப் போலக் கடன் வாங்கிக் கழிக்கப் பழகியிருந்தான். "உன் பழைய முறையில் ஒன்று போட்டுக் காட்டு" என்று கேட்டபோது, "அது தப்பு சார்" என்றான்.

இதை வைத்துக்கொண்டு, பாடம் நடத்துவதே குற்றம் என்று சொல்லிவிட மாட்டேன். பத்துகளும் ஒன்றுகளும் என்ற இடமதிப்பை வகுப்பில் கற்றிருந்ததால்தான் அவனால் 63ஐ அப்படிப் பிரித்துப் பார்க்க முடிந்தது. எந்த நேரத்தில் சொல்லிக்கொடுக்கிறோம், எதற்கு மதிப்பெண் போடுகிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

2011இல் உளவியல் ஆய்வாளர் எலிசபெத் பொனாவிட்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மழலையர் வயதுக் குழந்தைகளிடம் குழாய்களால் ஆன ஒரு புதுப் பொம்மையைக் கொடுத்தார்கள். அதைக் கொண்டு கீச்சொலி எழுப்புவது உட்பட நான்கு வேலைகளைச் செய்யலாம். ஒரு பெரியவர் ஆசிரியரைப் போல அமர்ந்து கீச்சொலியை மட்டும் செய்து காட்டியபோது, குழந்தைகள் பெரும்பாலும் அதையே திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரம் பொம்மையை வைத்துவிட்டார்கள். தற்செயலாகக் கை பட்டு அந்த ஒலி வந்ததுபோல அவர் நடித்தபோதோ, அவர்கள் நெடுநேரம் துழாவி மற்ற வேலைகளையும் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். முதல் குழுவினரை மந்தமானவர்கள் என்று சொல்ல முடியாது. வேறு ஏதாவது இருந்தால் சொல்லித்தருபவர் காட்டியிருப்பாரே என்று நியாயமாகவே கருதியிருக்கிறார்கள். என் மாணவனும் அப்படித்தான் என்னை நம்பினான்.

பரிசுக்கும் இதே குணம் உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்டிருந்த சிறு குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது என்று லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

ஆசிரியர் தரப்பிலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவன் வேறு வழியில் போனால், அந்த நேரத்தில் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான், வியப்பு அன்று. அவன் வழி சரியா என்று பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும்; விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்த ஐந்து நொடி போதும்.

இப்போது வாரத்தில் இரண்டு பாடவேளைகளில், முறையைச் சொல்லித்தருவதற்கு முன்பே கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நிற்கிறேன். முதல் சில வாரங்கள் "எப்படிப் போடணும் சார்?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு குறைந்தது. தேர்வுத் தாளை மட்டும் இன்னும் விடைக்குறிப்பை வைத்துத்தான் திருத்துகிறேன். அதை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை.