ஆரையம்பதியில் ஆவணியில் குடிபுகுந்த பழைய வீடு: மாரிக்கு முன் எதைச் செய்வது?

கேள்வி: மட்டக்களப்பு ஆரையம்பதியில் 15 பேர்ச் வளவோடு ஒரு பழைய கல்வீடு வாங்கி ஆவணியில் குடிபுகுந்தோம். ஓட்டுக்கூரை, பின்பக்கக் குசினிக்கு அஸ்பெஸ்டஸ் சீற், கொங்கிறீட் வளையம் இறக்கிய கொட்டுக் கிணறு. கையில் கொஞ்சக் காசுதான் மிச்சம். பெயின்ட் அடித்து ஹோலுக்கு டைல்ஸ் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாமா?

பதில்:

வேண்டாம். பெயின்ட்டையும் டைல்ஸையும் குறைந்தது தை கழியும் வரையாவது தள்ளிவையுங்கள். ஐப்பசி நடுவில் மழை தொடங்க உங்களுக்கு ஆறேழு கிழமைதான் இருக்கிறது. அந்த நாட்களும் கையிலுள்ள காசும் தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலைக்கே போகட்டும். கூரைத் தண்ணீர், நிலத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கக்கூஸ்குழித் தண்ணீர், இந்த நான்கும்தான்.

காரணம் எளிது. கச்சான் காற்று அடித்து ஓய்ந்த ஆவணியில் எந்தச் சுவரும் காய்ந்துதான் நிற்கும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட அந்த மணல் நிலத்தில் மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்து, சில வளவுகளில் ஓரடி தோண்டினாலே தண்ணீர் தெரியும். சுவர் அதை அடியிலிருந்து உறிஞ்சும். இப்போது அடிக்கிற பெயின்ட் மார்கழியில் கொப்பளித்து உரியும். பிறகு சுரண்டி, பூசி, திரும்ப அடிக்க இரட்டைச் செலவு.

முதலில் கூரை. வெயில் உச்சியில் நிற்கும்போது யன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். ஊசிமுனை வெளிச்சமெல்லாம் ஒழுக்கு இல்லை, ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியலாம். தேட வேண்டியது ஓட்டைத் தாங்கும் கைமரத்திலும் சிலாகையிலும் உள்ள தேத்தண்ணி நிறக் கறையை. கறை முடிகிற இடத்தில் ஓட்டை இருக்காது. தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, கைமரத்தோடு நாலைந்து அடி வழிந்து, ஒரு ஆணியிலோ மூட்டிலோ தடுக்கித்தான் கீழே சொட்டும். ஆகவே கறையைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போங்கள். பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் போய் நிற்கும்: முகட்டோட்டுச் சாந்து வெடித்த இடம், இரண்டு கூரை சேரும் பள்ளத்துத் தகரம், கூரை சுவரில் முட்டும் ஓரம்.

முகட்டோட்டு வெடிப்பின் மேல் சீமெந்தைத் தடவி விடும் வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பகல் வெயிலில் ஓடு ஒரு அளவுக்கு விரியும், மெல்லிய சீமெந்துத் தோல் வேறு அளவுக்கு விரியும். ஒரு வருடத்துக்குள் விட்டுவிடும். ஓட்டைக் கழற்றி, பழைய சாந்தை முழுக்கத் தட்டியெடுத்து, ஓட்டைத் தண்ணீரில் நனைத்து, புதுச் சாந்தில் இருத்த வேண்டும். காய்ந்த ஓடு சாந்திலுள்ள தண்ணீரைக் குடித்துவிட்டால் பிடிப்பு வராது. உடைந்த ஓட்டுக்கு மாற்று வாங்கப் போகும்போது முழு ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு ஆலை ஓட்டுக்கும் பூட்டு வேறு, பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது பொருந்தாது. இருபது ஓடு மேலதிகமாக வாங்கி வளவில் வைத்திருப்பது நல்லது.

குசினி சீற்றில் ஆணித் துளை அலையின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்திருந்தால் எத்தனை வொஷர் போட்டாலும் ஒழுகும். அந்த இடத்துக்குச் சீற்றை மாற்றுவதே வழி. அஸ்பெஸ்டஸைக் காய்ந்தபடி அறுக்கவோ, துளைக்கவோ, கம்பித் தூரிகையால் பாசி சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. நனைத்துவிட்டு, கையால் இயக்கும் கருவியால், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்யச் சொல்லுங்கள்.

கூரை சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள். காற்று கூரையை மேலிருந்து அமுக்கி உடைப்பதை விட, அடியில் புகுந்து தூக்கி எறிவதே அதிகம். முதலில் கிளம்புவது விறாந்தைத் தாழ்வாரம். சுவரின் மேல் கிடக்கும் மரம் கொங்கிறீட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கைமரமும் அந்த மரத்தோடு நாகம் பூசிய தகரப் பட்டியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெறும் ஆணி இழுவைக்குத் தாங்காது. கடற்காற்றில் சாதாரண இரும்புப் பட்டி சீக்கிரமே துருப்பிடிக்கும், அதனால் அதை வாங்க வேண்டாம்.

அடுத்தது, கூரையிலிருந்து விழும் தண்ணீர் எங்கே போகிறது என்பது. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். 80 சதுர மீற்றர் கூரையில் ஒரு பின்னேரம் 50 மில்லிமீற்றர் பெய்தால் 4,000 லீற்றர், அதாவது 1,000 லீற்றர் டாங்கி நான்கு. அவ்வளவும் அத்திவார ஓரத்தில் விழுந்தால் சுவர் எப்படிக் காயும்? கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீலி போடுவதானால் 16 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு வையுங்கள். கீழிறங்கும் பைப் 3 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். முருங்கையோ வேம்போ கூரையை ஒட்டி நின்றால் பீலி வாயில் வலை போடுங்கள்.

பீலிக்குக் காசு போதாவிட்டால் வீட்டைச் சுற்றிக் கொங்கிறீட் விளிம்பு மட்டுமாவது போடுங்கள். உங்களிடம் ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் சொல்வது இதைத்தான். அகலம் 2½ அடி, ஆனால் தாழ்வாரத் துளி விழும் கோடு அதற்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் அகலத்தைக் கூட்டுங்கள். தடிப்பு 3 அங்குலம், வெளிப்பக்கமாக ஒரு அங்குலச் சரிவு. 30க்கு 25 அடி வீட்டைச் சுற்றி இது 300 சதுர அடி, கொங்கிறீட் 75 கன அடி. 1:3:6 (சீமெந்து, மணல், கல்) கலவைக்கு 50 கிலோச் சீமெந்து பத்துப் பக்கெற், மணல் கியூபில் (100 கன அடி) மூன்றிலொன்றை விடச் சற்று அதிகம், முக்கால் அங்குலக் கல் முக்கால் கியூப். கீழ் மணலைத் தண்ணீர் விட்டு இறுக்கிய பிறகே கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் மணல் தாழ்ந்து விளிம்பு வெடிக்கும். எட்டடிக்கு ஒரு இடைவெட்டு விடுங்கள். சுவரோடு சேரும் இடுக்கில் தார் ஊற்றுங்கள். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டுவைக்க வேண்டும்.

மணல் ஆற்று மணலாகவே இருக்கட்டும். கடற்கரை மணலையோ உவர்க் கிணற்றுத் தண்ணீரையோ கலவைக்குச் சேர்த்தால் உப்பை நீங்களே காசு கொடுத்துச் சுவரில் ஏற்றுகிறீர்கள். கதவு, யன்னலுக்கு மேலுள்ள லிண்டலிலோ கொங்கிறீட் பிளேற்றிலோ கம்பியின் நேர்கோட்டில் வெடிப்புத் தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் இந்த உப்பு வேலைதான். மேலால் பூசி மறைக்காமல், கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்த பிறகே பூச வேண்டும்.

வளவு தாழ்வாக இருக்கிறதென்று கிரவல் கொட்டி நிரப்பும் ஆசை வரும். வீட்டுத் தளத்துக்கு 6 அங்குலம் கீழேயே நிரப்பலை நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் ஈரம் அத்திவாரத்தைத் தாண்டி நேரே சுவருக்குள் ஏறும். பக்கத்து வளவுக்குத் தண்ணீரைத் தள்ளிவிடும் நிரப்பலும் வேண்டாம். பெய்யும் மழை இரு வீட்டுக்கும் பொது, தண்ணீர் வடியும் கானும் பொதுவாக வெட்டினால்தான் ஓடும். சென்ற வெள்ளங்களில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று அயலவர்களிடம் கேட்டு, சுவரில் ஒரு கோடு போட்டுவையுங்கள். பிளக் பொயின்ற், அலமாரியின் கீழ்த்தட்டு, பம்ப் எல்லாவற்றுக்கும் அந்தக் கோடுதான் அளவு.

கிணறு. அந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீர் கனமானது, அவ்வளவுதான் விசயம். கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு அது பரந்திருக்கும் என்பது கணக்கு. அந்த ஓரடியைப் பெரிய பம்பால் ஒரேயடியாக இறைத்தால், கீழே உப்பு மேலெழும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரக் கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்தபோது சில இடங்களில் உப்புக் குறையாமல் கூடியது இதனால்தான். வீட்டுத் தேவைக்கு அரைக் குதிரைவலுப் பம்ப் போதும். காலையில் அரைமணி, பின்னேரம் அரைமணி என்று பிரித்து ஓட்டுங்கள். உறிஞ்சும் பைப்பின் அடிவாயிலுள்ள ஃபுட் வால்வு கிணற்றடியில் உட்காரக்கூடாது, ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுங்கள், மணலும் இழுபடாது. ஒரு சோதனை: பம்ப் போட்டவுடன் ஒரு போத்தல், அரைமணி கழித்து ஒரு போத்தல் பிடித்து இரண்டையும் நாவில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது உவர்த்தால் நேரத்தை இன்னும் குறையுங்கள்.

குழாய்த் தண்ணீர் இணைப்பு இருந்தாலும் கிணற்றைக் கைவிடாதீர்கள். ஆனால் இரண்டையும் ஒரே பைப்பில் சேர்க்காமல், டாங்கிக்கு மேலே தனித்தனி வாயாக விடுங்கள். இல்லாவிட்டால் குழாயில் தண்ணீர் நின்ற நேரம் கிணற்றுத் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் போகும்.

வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்துவிட்டால் குளோரின் போட அளவு தெரிந்திருக்க வேண்டும். கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, 0.785ஆலும் தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்கினால் கன மீற்றர் வரும். 1.2 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் 2.26, அதாவது சுமார் 2,260 லீற்றர். 30 வீத வலுவுள்ள குளோரின் தூள் 1,000 லீற்றருக்கு 100 கிராம், ஆக இங்கே 225 கிராம் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, அடிமண்டியை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு இரவு விட்டு, இறைத்து, மணம் போன பிறகே புழங்கலாம்.

கக்கூஸ்குழியைக் கிணற்றிலிருந்து டேப் வைத்து அளந்து பாருங்கள். 50 அடிக்குக் குறைந்தால் அந்தக் கிணற்றைக் குடிக்கப் பாவிக்க வேண்டாம். மணலில் அழுக்குத் தண்ணீர் வேகமாக நடக்கும். கக்கூஸுக்கு மாரியில் தண்ணீர் ஊற்றினால் இறங்காது என்று பழைய சொந்தக்காரர் சொன்னால், அடைப்பைத் தேடாதீர்கள். குழிக்குள் நிலத்தடி நீர் நிரம்பியிருக்கிறது. குழி இறைக்கும் கல்லி பவுசருக்கு இப்போதே சொல்லுங்கள். நடுமாரியில் குழியை முழுக்க இறைத்தால் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் வெறுங்குழி மிதந்து பைப்பை முறிக்கலாம். பிளாஸ்ரிக் குழி என்றால் இன்னும் எளிதில் மிதக்கும்.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மெயின் பெட்டியில் மின்சாரம் கசிந்தால் தானே விழும் 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச் இருக்கிறதா என்று பார்த்து, அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். எர்த் கம்பி காய்ந்த மணலில் நின்றால் ஓட்டம் கிடைக்காது, குளிக்கும் தண்ணீர் ஓடும் பக்கம் ஆழமாக இறக்கச் சொல்லுங்கள். மழையில் ட்றிப் விழுந்தால் பிறேக்கரை ஒவ்வொன்றாக இறக்கித் தேடுவார்கள். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் விழுந்தால் நியூட்ரல் வயர் எங்கோ ஈரச் சுவரைத் தொடுகிறது என்று அர்த்தம், பிறேக்கர் அதைத் துண்டிப்பதில்லை. கேற் லைற், கிணற்றடி பம்ப் இரண்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதை லைசன்ஸ் உள்ள மின்தொழிலாளரே கழற்றிப் பார்க்கட்டும். ட்றிப்பை எடுத்துவிட்டு நேரே இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

கறையானுக்குக் கதவு நிலையின் அடியை ஸ்குரூ ட்றைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகக் கேட்டால் உள்ளே காலி. விறகைச் சுவரோடு அடுக்காதீர்கள்.

முதல் பெருமழை அன்று ஒரு சோக்கட்டியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஈரம் ஏறிய உயரத்தைச் சுவரில் கோடிட்டு, திகதியையும் எழுதுங்கள். மார்கழி முடிய இன்னொரு கோடு. தையில் அந்தக் கோடுகள்தான் மேசனுக்குக் காட்ட வேண்டிய வரைபடம். ஈரம் சுவரிலிருந்துதான் வருகிறதா என்று ஐயம் இருந்தால், ஒரு சதுர அடி பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் சுவர் ஈரம், வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்று.

உப்புப் பூத்த இடம் கிட்ட நின்று பார்த்தால் தெரியும்: வெள்ளைப் பஞ்சுபோல் நுண்ணிய ஊசிகள், நகத்தால் கீறினால் பூச்சு மணலாக உதிரும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். காய்ந்த தூரிகையால் தட்டி, கூட்டியள்ளி வெளியே எறியுங்கள். மேல் ஈரக்கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி உயரம் வரை பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, மாசி, பங்குனி இரண்டு மாதம் கல்லைத் திறந்தபடி காயவிடுங்கள். உடனே கெட்டிச் சீமெந்துப் பூச்சுப் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதற்கு மேலே ஏறும், அடுத்த மாரியில் கோடு இடுப்பிலிருந்து தோளுக்குப் போகும். புதுப் பூச்சுக் காய நாலு கிழமை வேண்டும். அதன் பிறகு பிறைமர், அதன் மேல் இரண்டு கோட் இமல்ஷன். கீழ்ச்சுவருக்கு எனாமல் அடிக்காதீர்கள், அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். ஹோல் டைல்ஸ் அதற்கும் பிறகு. பழைய தளத்தைச் சுத்தியல் பிடியால் தட்டி, பொள்ளல் கேட்கும் இடத்தைக் கொத்தியெடுத்த பின்னரே ஒட்டச் சொல்லுங்கள். அதற்குமுன் கதவுகளின் கீழ் எத்தனை அங்குலம் இடைவெளி இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள், தளம் ஒரு அங்குலமாவது உயரும்.